களைப்பா இருக்கா?

"களைப்பா இருக்கா மெர்லின்?"

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இல்ல சார். நல்லாத்தான் இருக்கேன்."

கேப்டன் தணிகைவேல் தலையை ஆட்டிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குப் பின்னால் அவர் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று தெரியவில்லை.

தூத்துக்குடியில் மத்தியான வெயில். ஓடுதளத்துக்கு மேலே காற்று நெளிந்தது. சென்னையிலிருந்து வந்தவர்கள் இறங்கிப் போயாயிற்று. சென்னைக்குப் போகிறவர்கள் இன்னும் ஏறவில்லை. சின்ன விமானம். இறக்கைகளில் இரண்டு விசிறிகளும் நின்றிருந்தன. விமானி அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

ஏன் கேட்கிறார்?

விடியும் முன்பே கிளம்பியது. சேலம் போய்த் திரும்பி, பெங்களூர் போய்த் திரும்பி, இப்போது இங்கே. நேற்றும் இப்படித்தான். முந்தாநாளும். கண்ணுக்குள் மணல் போட்டதுபோல் உறுத்தியது.

அதை இவரிடம் சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா?

ஃபர்ஹான் ஒருநாள் சொன்னான். அவளைப் போலத் துணை விமானி. சென்னை ஓய்வறையில், பேச்சுவாக்கில். "இப்படியே போனா ஒருநாள் ரன்வேன்னு நெனச்சு ஹைவேல எறக்கப் போறேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் அவனை ஆபீசில் கூப்பிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிக் காட்டினார்கள். ஒரு சொல் பிசகவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பறக்கக் கூப்பிடவே இல்லை.

அன்று அந்த அறையில் அதிகம் பேர் இல்லை. அவள் இருந்தாள். ஜன்னலோர நாற்காலியில் தணிகைவேல் இருந்தார், கண்ணை மூடிக்கொண்டு.

தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

இப்போது ஓய்வறையில் யாரும் பேசுவதில்லை. கிரிக்கெட் பேச்சுகூட இல்லை. யாராவது உள்ளே வந்தால் மற்றவர்கள் போனை எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர் ஒரு ஆரஞ்சை உரித்தார். பாதியைப் பிய்த்து நீட்டினார்.

சேர்ந்து பறந்த இத்தனை நாளில் அவர் எதையும் நீட்டியதில்லை.

வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை.

"வரும்போது உயரத்தத் தப்பா வெச்சியே."

இறங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓர் உயரம் சொன்னார்கள். அவள் வாய் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னது. விரல்கள் குமிழைத் திருகி வேறோர் உயரத்தை வைத்தன. அவர் பேசாமல் கையை நீட்டிச் சரிசெய்தார்.

"சாரி சார்."

"திட்டறதுக்குச் சொல்லலம்மா. களைப்பா இருக்கான்னுதான் கேக்கறேன்."

அவருடைய போன் இருவருக்கும் நடுவில் கவிழ்ந்து கிடந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பதிவாகிக்கொண்டிருக்குமோ?

"இல்ல சார்" என்றாள், போனுக்கும் கேட்கும்படி. "ரொம்ப உற்சாகமா இருக்கேன்."

அவர் ஆரஞ்சுத் தோலைக் கைக்குட்டையில் சுருட்டினார்.

"நீ ஆமான்னு சொல்லியிருந்தா ரெண்டு பேருமாச் சேந்து ஆபீசுல சொல்லியிருக்கலாம்."

தூண்டில்.

அவர் போனை எடுத்து அவளுக்கு முன்னாலேயே சென்னை ஆபீசைக் கூப்பிட்டார்.

"தணிகைவேல் பேசறேன். என்னால இந்த பிளைட்ட எடுக்க முடியாது. இல்ல, காய்ச்சல் எல்லாம் இல்ல. தூக்கம். வரும்போது ரெண்டு தடவ கண்ணு சொருகிடுச்சு." நிறுத்தி, மறுமுனையில் சொன்னதைக் கேட்டார். "அவங்க நல்லா இருக்காங்களாம். நான் என்னப் பத்தித்தான் சொல்றேன்."

பையை எடுத்துக்கொண்டார். எழுந்தவர் இருக்கையின் முதுகைப் பிடித்தபடி சற்று நின்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

நாடகம் என்று நினைத்தாள்.

மறுமுனையில் யாருமே இல்லாமல்கூடப் பேசியிருக்கலாம். அவளைத் தனியாக விட்டு ஆழம் பார்க்கிறார்கள்.

பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். அவர் விமானத்தின் மூக்கைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். நிழலில் காலியாக ஒரு சாமான் வண்டி நின்றது. அதன் மேல் உட்கார்ந்து கம்பியில் சாய்ந்தார்.

தலை தொங்கியது.

கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி, உருண்டு, வெயிலுக்குப் போனது. அவருக்குத் தெரியவில்லை. சாமான் ஏற்றுகிறவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தார். முகத்தைப் பார்த்தார். ஓசைப்படாமல் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

கறுப்புக் கண்ணாடி ஒரு காதிலிருந்து விலகி, மூக்கில் கோணலாகத் தொங்கியது. வாய் திறந்திருந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

அவள் போன் அடித்தது. ஆபீஸ். ஒரு பெண் குரல், தேனாக.

"மெர்லின், பயப்படாதீங்க. வேற கேப்டன் ஏற்பாடு பண்றோம். ஒரே ஒரு விஷயம். வரும்போது கேப்டன் தூங்கினாரா?"

பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் ஒலி கேட்டது.

கட்டடத்திலிருந்து பயணிகள் வரிசையாக வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர் குடை பிடித்திருந்தார். ஊழியர் ஒருவர் ஓடிப்போய்க் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

"தெரியல மேடம்."

"பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படிம்மா தெரியாமப் போகும்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நானும் தூங்கியிருப்பேன் மேடம்."

தட்டச்சு ஒலி நின்றது.

பிறகு, முன்பைவிட மெதுவாக, மீண்டும் தொடங்கியது.