பிந்தி வந்த நாடி

எண்பத்தேழு செப்டம்பர். மறியலுக்காகச் சங்கராபுரம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. நெஞ்சுவலியில் கிடந்த பெரியவர் பாவாடையை நர்ஸ் செவ்வந்தி அவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்தாள்.

காலையில் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டே மணிக்கட்டையும் பிடித்தாள். இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. இதயம் தள்ளுகிற ரத்தம் இமைப்பொழுதில் கைக்கு வந்தாக வேண்டும். ஆனால் அந்த இடைவெளி பத்து விநாடி கழித்துத்தான் கையில் தெரிந்தது. பிறகும் இதயம் அவ்வப்போது தவறியது. ஒவ்வொரு முறையும் அது கைக்கு வர இன்னும் நேரமானது. மதியம் இரண்டரைக்குத் தவறியது கைக்கு வர இருபது நிமிடம் ஆனது; அதற்குமேல் கூடவில்லை.

மூன்று மணிக்கு நெஞ்சு நின்றது. மூச்சும் நின்றது. செவ்வந்தி மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவர் கையில் நாடி மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

சாலையைப் பார்க்கப் போயிருந்த மனைவி பெரியநாயகி ஓடிவந்தாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் கைநாடியைத்தான் நம்புவார்கள். அவளும் புருஷன் கையைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஓடிக்கினுதான் இருக்குது" என்றாள். "மரத்த ஓரமா இழுத்துட்டாங்க நர்ஸம்மா. காரு அரை மணில வந்துடும். அதுவரைக்கும் தாங்குங்களா?"

செவ்வந்தி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று ஒன்பது. கை ஓட இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.