அவசர பட்டன்

காலடிச் சத்தம் கேட்டதும், ஓய்வுபெற்ற கிளார்க்கின் விரல் பழக்க தோஷத்தில் அந்த பட்டனை அமுக்கியது. மகள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்திருந்த, ஆபீஸ் காலத்துப் பழைய விண்கல விளையாட்டு மறைந்து, திரை முழுக்க விற்பனை அட்டவணை வந்து நின்றது.

"ரிட்டையர் ஆன பிறகும் ஆபீஸ் வேலையா?" மனைவி வாசலிலிருந்தே கேட்டாள்.

"அட, இது பொய் அட்டவணை! மேனேஜர் வந்தா அமுக்கறதுக்குன்னே இந்த கேம்ல ஒரு பட்டன் வச்சிருக்கான். பத்து வருஷம் மேனேஜர் கண்ணுலயே மண்ணைத் தூவியிருக்கேன், தெரியுமா?"

"மூணாவது வரியில கூட்டல் தப்பு."

கூட்டிப் பார்த்தார். தப்புதான்.

"அங்கிருந்தே எப்படிச் சொன்னே?"

"ஆபீஸ்ல நீங்க ஃபைலோட என் ரூம் கதவைத் தட்டினப்பல்லாம் நானும் இதைத்தானே அமுக்கினேன்! எந்திரிங்க, இப்ப நான் ஆடணும். மேனேஜர் உத்தரவு!"