மான் படம் போட்ட கோப்பை

அலுவலகச் சமையலறைக் குழல்விளக்கின் வெளுத்த ஒளியில், ரோடெல் அந்தக் காகிதக் கோப்பையைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவுகிறான். கோப்பையில் தங்க நிற மான். மணிலாவில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் காபிக் கடையின் முத்திரை. வாசலில் சாய்ந்து நிற்கும் டிவினாவின் உதடு கோணுகிறது. எவர் குடித்துப் போட்ட எச்சிலோ, அதில் இந்தப் பவிசு வேறு. பாலும் சீனியும் கலந்த காபிப்பொடிப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துக் கொட்டுகிறான். வெந்நீர்க் குழாய் தொண்டையைச் செருமித் துப்புகிறது. மூடியை அழுத்தும்போது அவன் முகத்தில் கோயில் களை. “என்ன ரோடெல், இன்னிக்கும் மான் கடையா?” என்கிறாள். வெற்றுப் பொட்டலம் அவன் உள்ளங்கைக்குள் நசுங்குகிறது. “பின்ன என்னக்கா, வேற கடைப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்.” “தெரியுதே, வாசனை ஊரைத் தூக்குது.” அவன் ஒரு வாய் உறிஞ்சுகிறான். பிறகு, கூட்ட அறையில் இருப்பவர்கள் கண்ணில் படட்டும் என்று மானை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவளைக் கடக்கிறான். கோப்பையின் மறுபக்கம் அவள் முகத்துக்கு நேரே வருகிறது. கடைப்பெண் கறுப்பு மையில் எழுதிய பெயர், கழுவிக் கழுவி மங்கியும் படிக்க முடிகிறது: டிவினா. நேற்று மாலை அவள் குப்பைக்கூடையில் போட்டது. அதற்கு முன் ஒரு வாரமாக, எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து, இதே குழாயடியில் கழுவி, இதே பொட்டலப் பொடியைக் கலக்கி அவளே குடித்த கோப்பை. அவள் பார்வை போன இடத்தை ரோடெலும் பார்க்கிறான். “பேருதான் வேறக்கா,” என்கிறான், குரலைத் தாழ்த்தி. “காபி அதே காபிதான்.”