நாலாம் வீட்டின் வியாழக்கிழமை

மாரிக்வில்லில் எங்கள் பழைய செங்கல் கட்டடத்தில் ஆறு வீடுகள். கொல்லையில் துணிக்கொடி ஒன்றுதான் என்பதால் ஆளுக்கொரு கிழமை. வியாழன் நாலாம் வீட்டுக்கு. அந்த வீடு மார்ச்சிலிருந்து காலி; விற்பனைக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் தரகர் பிரெண்டன் திறந்து வைப்பார். பார்க்க வருபவர்கள் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும்.

ஒரு சனிக்கிழமை கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, பெயரும் நம்பரும் எழுதிவிட்டுப் போனார். வியாழனன்று அதே சட்டை கொடியில் ஈரம் சொட்டத் தொங்கியது.

"அந்த ஆளு போனையே எடுக்க மாட்டேங்கிறார்" என்று பிரெண்டன் புலம்பினார்.

கீழ்வீட்டு ஸ்டவ்ரூலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "காலி வீட்டுல யாரோ குடித்தனம் பண்றாங்க, டோரீன். உன்னை மாதிரி இல்ல, கிழமை தவறாம துவைக்கிறாங்க."

அடுத்த சனிக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். பெயரும் நம்பரும் எழுதினேன். உள்ளே துவைக்கும் தொட்டி மட்டும் ஈரமாக இருந்தது.

இன்று வியாழன். நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் டீ குடித்தேன். கொடியில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை தொங்கியது. அதன் மூன்றாவது பொத்தான் மட்டும் பழுப்பு. குனிந்து பார்த்தேன். நான் தைத்த பழுப்புப் பொத்தான் என் சட்டையிலும் இருந்தது.

போன் அடித்தது; எடுத்தேன். கீழே கொல்லையில் நின்று பிரெண்டன்தான் கூப்பிட்டார்.

"ஹலோ, மேல பாருங்க! இங்கதான் இருக்கேன்!" என்றேன். ஜன்னலைத் திறந்தும் கத்தினேன்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, கொடியருகே நின்ற ஸ்டவ்ரூலாவிடம் சொன்னார். "இவங்களும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"சொட்டச் சொட்டப் போட்டிருக்காங்க" என்று ஸ்டவ்ரூலா கொடியில் இருந்த சட்டையின் கையைப் பிழிந்தாள்.

என் மணிக்கட்டில் தண்ணீர் வழிந்தது.