டல்லாஸ் டு தூத்துக்குடி

"டல்லாஸ்ல ஏறுனா, நம்ம தூத்துக்குடி ஏர்போர்ட்டுல வந்து எறங்க எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

கேட்டவர் பெயர் சுடலைராஜ். சலவை வேட்டி, கையில் ஒரு சின்ன நோட்டு.

வண்ணார்பேட்டையில் விமான டிக்கெட் போடும் அந்தக் கடையில் தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஜெய்சன் துள்ளி எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பத்து நாளாக ஒரு டிக்கெட்கூடப் போகவில்லை. இப்படியே போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று முதலாளி காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு அண்ணாச்சி. ரெண்டு எடத்துல மாறணும். முப்பது மணி நேரம்னு வச்சுக்கிடுங்க."

சுடலைராஜ் எழுதிக்கொண்டார். "சிட்னி?"

"இருபத்துநாலு. ஆனா ராத்திரி சென்னையில எறங்குனா, காலையில பிளைட்டு வரைக்கும் காத்துக் கெடக்கணும்."

"அப்ப அதையும் முப்பதுன்னே போடுதேன். துபாய்?"

"அது பக்கம். திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரம். அங்கன இருந்து கார்ல வந்துரலாம்."

"துபாய்க்காரங்களால எனக்குத் தொல்லையே இல்ல" என்றார் சுடலைராஜ் திருப்தியாக.

ஜெய்சன் டீ வரவழைத்தான். "பிள்ளைங்க இம்புட்டு ஊர்லயா இருக்காங்க அண்ணாச்சி?"

"எனக்கு ஒரே மக. சீவலப்பேரியில கெட்டிக் குடுத்திருக்கேன். இதெல்லாம் பெருமாள்புரம், மகாராஜநகர்ப் பிள்ளைங்க. அங்கன எந்த வீட்டுக் கதவத் தட்டுனாலும் அம்மையும் அப்பனும் மட்டுந்தான் இருக்காங்க."

ஊரார் பெற்றோரையெல்லாம் பிள்ளைகளிடம் கூட்டிப்போய்த் திரும்பவும் கொண்டுவந்து விடுகிறாரே, எவ்வளவு பெரிய மனசு! ஜெய்சன் நெகிழ்ந்துபோனான்.

"வயசானவங்கன்னா வீல்சேருக்கு நானே சொல்லிருதேன். கூட்டமாப் போனா விலையும் கொறையும்."

"அவங்க எங்க தம்பி போவாங்க? பிள்ளைங்கதான் வரணும். ஆமா, லீவு கெடைக்க எத்தனை நாளாகும்?"

"அது அவங்கவங்க கம்பெனியப் பொறுத்தது."

"அங்கனதான் இடிக்கி. போன மாசம் ஒருத்தன் ரெண்டு நாள்ல வாரேன்னுட்டு நாலு நாள் ஆக்கிப்புட்டான். நான் தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்."

"இனிமே அந்தக் கவலையே வேண்டாம். வரவேண்டிய டிக்கெட்டை இங்கன இருந்தே போட்டிருவோம். எத்தனை பேருக்குப் போடட்டும்?"

சுடலைராஜ் டீயைக் குடித்து முடித்து, நோட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"டிக்கெட்டா? நான் எளவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுதவன் தம்பி. இருக்கது மூணே பெட்டி. எந்தப் பிள்ளை எப்ப வந்து சேருவான்னு தெரிஞ்சாத்தானே, அடுத்த வீட்டுக்கு நேரம் சொல்ல முடியும்?"