தடைக்காலத்து வெயில்

வால்வில் கை வைத்துவிட்டேன். திருப்பத்தான் தைரியம் வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் குப்பத்துப் பெண்கள் முப்பது பேர், தலையில் நெத்திலிக் கூடையும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளுமாக நின்றார்கள். மரக்காணத்தில் மூன்று நாளாக மழை விடவில்லை. இன்றைக்குக் காயாவிட்டால் அத்தனையும் கோழித் தீவனத்துக்குத்தான் போகும்.

காலுக்குக் கீழே ஒரு வீடு கொள்ளும் குழி. அது நிறைய மணல்.

மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் கிடந்த அந்த இரண்டு மாசக் கோடையில், சோலார் கரண்டால் அந்த மணலைச் சூடேற்றி மூடினோம். கடலுக்குப் போகாத ஆண்கள்தான் கூலிக்கு வந்தார்கள். அந்த வெயிலைக் கார்த்திகையில் எடுத்து மீன் காயவைப்பதாகத் திட்டம். இன்ஜினியர் நான். பழி வந்தாலும் எனக்குத்தான்.

போன வருஷம் குழிக்குள் தண்ணீர் இறங்கி, பாதியிலேயே எல்லாம் ஆறிப்போனது. இந்த வருஷம் ஐப்பசி இடியில் வெப்பமானி போய்விட்டது. உள்ளே சூடு இருக்கிறதா இல்லையா, எனக்கே தெரியாது.

தெரியாது என்று அம்சாவிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

தினமும் காலையில் வருவாள். குழியின் சிமெண்ட் மூடியில் உள்ளங்கையை வைத்து, "இருக்குதா மேடம்?" என்பாள். இருக்குக்கா என்பேன். ஒரு மாசமாக அதே பொய். அதைக் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவாள்.

"ரெண்டு புள்ள வயித்துல நிக்காம போச்சுல்ல, அதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் பயந்துக்கினு இருக்கா" என்று குப்பத்துச் செண்பகம் அக்கா சொல்லியிருந்தார். கூடவே ஒரு நொடிப்பு: மகாராணிக்குக் கூடை தூக்கவும் புருஷன் வேணும்.

உண்மைதான். இன்றைக்கும் அவள் கூடை புருஷன் வேணுவின் தலையில்தான் இருந்தது. அம்சா வெறுங்கையாக, தொளதொள நைட்டியும் மேலே போர்த்திய பெரிய துண்டுமாக முன்னால் நின்றாள். எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

வால்வைத் திருப்பினேன்.

குழாய் இருமியது. புழுதி வந்தது. பிறகு ஜில்லென்று வெறும் காற்று. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அதற்கப்புறம், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடித்தது.

ஆறு மாசம் மண்ணுக்குள் கிடந்த வெயில். அழுதுவிட்டேன்.

பெண்கள் முண்டியடித்துக்கொண்டு காயவைக்கும் கொட்டகைக்குள் போனார்கள். அம்சா நகரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தக் காற்றுக்கு நேராக நின்றாள்.

"மாமா, எங்கம்மாவுக்குப் போன் போடு. வளைகாப்புக்கு நாள் பாத்துக்கினு வரச் சொல்லு. இனிமே சொல்லலாம்."

வேணு கூடையை இறக்காமலே ஒரு கையால் சட்டைப்பையைத் துழாவினான்.

செண்பகம் அக்கா கொட்டகை வாசலிலிருந்து திரும்பி வந்து அவன் தலையிலிருந்து கூடையை வாங்கி, தன் கூடையின்மேல் வைத்துக்கொண்டார்.