வராத தண்ணீர்

"எங்கப்பா கை வச்சா வராத தண்ணியும் வரும்டி. பாத்துக்கிட்டே இரு."

மகள் தோழிகளிடம் அளப்பது குழாய்க்காரரின் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு மாதமாகக் குடிதண்ணீர் இல்லை. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் காலிப் பாட்டில்களோடு அவரைச் சுற்றிக்கொண்டார்கள்.

தண்ணீர் வராவிட்டால் முதலில் தொட்டியைப் பார்க்க வேண்டும். நிறைந்திருந்தது. குழாயைக் கழற்றினார். சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் நடுவில் எங்கோதான் கோளாறு.

சுவரின் பின்பக்கம் போனார். வால்வை யாரோ மூடி இறுக்கியிருந்தார்கள்.

இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. ஸ்பேனரை வைத்தார்.

"அதைத் தெறந்துடாதீங்க."

தலைமையாசிரியை நின்றிருந்தார். அவர் தயவில்தான் மகளுக்கு இங்கே இடம் கிடைத்தது.

"அந்த லைனைக் கூல்டிரிங்க்ஸ் மெஷினுக்கு மாத்திவிடத்தான் உங்களக் கூப்பிட்டேன். மைதானத்துக்குக் கூரை போட்டுக் குடுத்தாங்கல்ல, அந்தக் கம்பெனி நிபந்தனை. குழாயில தண்ணி வந்தா மெஷின் பக்கம் யாரு போவா?" அவர் குழாய்க்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா?"

தாழ்வாரத்தில் மெஷின் துணி போர்த்தி நின்றது. அதற்கு மேலே, 'தண்ணீர் நிறையக் குடிப்போம்' என்று சுவரில் எழுதிக் கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

மெஷினுக்குள் பானம் இருப்பதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். இருப்பது ஒரு பை சர்க்கரைப் பாகு. மற்றதெல்லாம் வெளியிலிருந்து போகும் தண்ணீர். அதைக் குளிரவைத்து, வாயு ஏற்றி, பாகைக் கலந்து கொடுப்பதுதான் மெஷினின் வேலை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

மற்ற குழாய்களையும் கழற்றி, அந்த இடங்களை மூடி போட்டு அடைத்தார். லைனை வெட்டி, வளைவு வைத்து ஒட்டி, சுவரோரமாக மெஷின்வரை கொண்டுபோனார். வால்வைத் திறந்தார். எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவர் வேலை எப்போதும் அப்படித்தான்.

மாலை மணி அடித்தபோது மெஷினில் விளக்கு எரிந்தது. இன்று மட்டும் இலவசம். பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

அவர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் கிளம்பப் பார்த்தார். நுரை பொங்கும் குவளையை இரண்டு கையாலும் பிடித்தபடி மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, உனக்குத்தான் மொதல்ல. நீதான் தண்ணி வர வச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிக் குடித்தார். காலையிலிருந்து தாகமாகத்தான் இருந்தது.